கம்பத்துக்குக் கம்பம் நடந்த எங்கள் அண்ணன்

அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவு நாளுக்கு வில்லாபுரம் வீடு தேடி வந்து, அவர் படத்துக்குப் பூப் போட்டு, இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலர்ப் புத்தகத்தையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். எழுதச் சொல்லி என்னைப் பிடித்தது அண்ணன் மகன்தான். "அத்தை, நம்ம வீட்லயே ஒங்களுக்குத்தான் வாய் ஜாஸ்தி, நீங்களே எழுதுங்க" என்றான். தையல் கடை வைத்திருப்பவளுக்குக் கத்தரி பிடிக்கத் தெரியும், பேனா பிடிப்பது அவ்வளவு சுலபமாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே எழுதினேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பாதி நேரம் ஆத்திரத்தோடுதான் எழுதினேன்.

செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. நடுவில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அப்பா மஞ்சள்காமாலையில் இறந்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையை ஆணியில் மாட்டிவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். வண்டி கழுவி, டயர் கழற்றி, அடி வாங்கி, திட்டு வாங்கி, ஒருவழியாக ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் மதுரையிலேயே அரசுப் பேருந்தில் ஓட்டுநர் ஆனார். எனக்குக் கல்யாணம் முடித்து வைத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். வந்து வாய்த்த மதினி, கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்கிற ஆள். இவரோ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிற ஆள். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று மதினி நினைத்திருப்பார்.

அந்த வாயைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவரை உத்தமர் என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் அண்ணன் ஓட்டிய வண்டியில் ஏறிப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களிடம் கதை விட முடியாது. குறுக்கே ஆட்டோ வந்தால் ஒரு வசவு, இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிற பைக்குக்கு ஒரு வசவு, சிக்னலில் பச்சை விழ நேரமானால் அந்தக் கம்பத்துக்கே ஒரு வசவு. முன் சீட்டில் உட்கார்ந்த பெண்கள் காதில் சேலையைப் போர்த்திக்கொள்வார்கள். டூட்டி முடிந்தால் பரோட்டா, சால்னா, அதற்கு மேல் ஒரு கறிதோசை. ஐம்பதை நெருங்கும்போது அவருடைய வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரை ஏறிக் கிடந்தது, பிரஷரும் சேர்ந்துகொண்டது. இப்படியே போனால் அடுத்த மருத்துவச் சோதனையில் தேறமாட்டீர்கள், வண்டியைத் தரமாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவு வரும் என்று சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். வண்டியைத் தரமாட்டார்கள் என்றதும் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

மறுநாளே புது ஷூ வாங்கினார். மைதானத்துக்குப் போய், வாலிபப் பையன்கள் ஓடுகிறார்கள் என்று தானும் ஓடினார். முட்டி வீங்கி, ஆட்டோவில் திரும்பி வந்து, ஒரு வாரம் கட்டிலில் கிடந்தார். நான் பார்க்கப் போனேன்.

"என்னண்ணே, ஒலிம்பிக்குக்கு எப்ப கெளம்புறீக?"

"சிரி ஆத்தா, நல்லா சிரி. நாந்தான் கிறுக்குப் பய. புது இன்ஜின எடுத்தவுடனே விரட்டக் கூடாதுன்னு எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். என் இன்ஜின நானே ஒடைக்கப் பாத்தேனே."

படுத்துக் கிடந்த அந்த வாரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எழுந்ததும் ஷூவைப் பரணில் போட்டார். வீட்டு வாசலிலிருந்து அடுத்த மின்கம்பம் வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "என்னண்ணே, கரண்டுக் கம்பம் பத்திரமா இருக்கான்னு பாக்கப் போனீகளா?" என்று கேட்டார். அண்ணன் கோபப்படவில்லை. சில நாள் அதே கம்பம். முட்டி முனகாமல் இருந்தால் அடுத்த கம்பம். முனகினால் அதே இடத்தில் நிற்பது, பின்வாங்குவதில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோவிலை எட்டுவதற்கே நெடுநாள் ஆனது. எட்டிய அன்று ஒரு விளக்கேற்றி வைத்தார். அதன் பிறகு நடக்கப் போகிறேன் என்று சொல்லமாட்டார். "வெளக்குப் போட்டுட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். நடப்பதற்குச் சோம்பல் வரும், சாமிக்கு விளக்குப் போடச் சோம்பல்பட்டால் மனசு குத்தும் என்பது அவர் கணக்கு.

சாப்பாட்டிலும் அதே வேலை. சோறு போடும் கரண்டியை மதினி ஒரு சுற்றுச் சின்னதாக மாற்றினார், கொஞ்ச காலம் கழித்து இன்னும் ஒரு சுற்று. டீயில் சர்க்கரை எப்போது குறைந்தது, எப்போது நின்றது என்று அவருக்கே ஞாபகமில்லை. பரோட்டாவை மட்டும் அவர் விடவே இல்லை. சம்பள நாளன்று ஒன்றே ஒன்று, சால்னாவோடு. "அதையும் விட்டா அப்பறம் மனுசப் பிறவி எதுக்குத்தா?" என்பார்.

வாய்தான் பெரிய வேலையாக இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை எடுத்த இடத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரைக்கும் யாரையும் வைய மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். அந்த நிறுத்தம் தாண்டினால் பழைய ஆள்தான், பாக்கி வைத்ததையும் சேர்த்து வைவார். பழக்கமானதும் இரண்டாவது நிறுத்தம் வரைக்கும் நீட்டினார். கூட இருந்த கண்டக்டர் அண்ணனுக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "மாப்ள, எல்லை தாண்டியாச்சு, இனிமே வஞ்சுக்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பாராம். பயணிகளுக்கு ஒன்றும் புரியாது. ஒருநாள் திருப்பரங்குன்றம் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தைகூட வரவில்லை. கண்டக்டர் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். அண்ணனோ வெட்கப்பட்டுக்கொண்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நடந்து முடித்ததும் கோவிலில் சும்மா உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். கண்ணை மூடினால் அடுத்த நிமிஷம் போனைத் தேடும் ஆள் அவர். ஊதுபத்தியை ஒடித்தார். நக அளவுக்கு ஒரு துண்டு. அது எரிந்து அணையும் வரைக்கும் அசையாமல் இருப்பது. பிறகு சற்றே பெரிய துண்டு. வீடு முழுக்க ஒடித்த ஊதுபத்தி கிடந்தது என்று மதினி புலம்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முழு ஊதுபத்தியை எட்டிய பிறகு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கும். நான் அதே கோவிலில் உட்கார்ந்தால், தைத்துக் கொடுக்காத ஜாக்கெட்டெல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வரும்.

இப்படித்தான் அவர் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றுகிற அளவுக்கு வந்தார். கண்டக்டர் அண்ணனும் சேர்ந்தார், அவரைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு வாரம் ஒருநாள் அழகர்கோவில் போய், மேலே பழமுதிர்சோலைக்கு வண்டியில் போகாமல் நடந்தே ஏறுவார்கள். சர்க்கரை அடங்கியது, வயிறு போனது. என் பேரப்பிள்ளைகள் அவரை ஒல்லித் தாத்தா என்றார்கள். வசவு போன இடத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன சுகக்கேடு வந்தாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "பைய ஆரம்பி. நேத்தைக்கு மேல கொஞ்சம். விட்றாத." அது எல்லோருக்கும் பலித்தது. என் இடுப்பு வலிக்கும் பலித்தது. அதனால்தான் நாங்கள் அதை அப்படி நம்பினோம்.

முதலில் செருப்பு நழுவியது. மலையைச் சுற்றி வரும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்த கண்டக்டர் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "என்ன மாப்ள, செருப்ப முருகனுக்குக் காணிக்கை போட்டுட்டியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் வார் வைத்த செருப்பு வாங்கினார். பிறகு கால் தரையில் இழுபட்டது. படியில் ஒருமுறை தடுக்கி விழுந்தார். வேறு யாராவது என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அண்ணன் தன் வைத்தியத்தைத் தானே எடுத்துக்கொண்டார். கால் பலம் குறைகிறது, அப்படியென்றால் பயிற்சி போதவில்லை என்று முடிவு செய்தார். தினமும் சுற்றுகிற சுற்றுக்கு மேல் கொஞ்சம் கூட்டினார். கால் இன்னும் குழைந்தது. இன்னும் கூட்டினார்.

நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவே இல்லை. அவர் சொல்லி நடக்கப் பழகியவர்கள் நாங்கள், அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டோம். மதினி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். கண்டக்டர் அண்ணன் கூடவே நடந்து, "இன்னைக்கு இந்தக் கம்பம் வரைக்கும் வந்துட்டோம் மாப்ள" என்று தட்டிக்கொடுத்தார். கால் முடியாமல் போனதும் அண்ணன் பழைய இடத்துக்கே வந்தார். வாசலிலிருந்து முதல் கம்பம். "மொதல்ல இருந்து வாரேன் ஆத்தா. ஒரு தடவ வந்த பாததான?" என்று என்னிடம் சொன்னார். நான் அதையும் நம்பினேன். அந்த முதல் கம்பத்துக்குப் போய்த் திரும்ப அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று வாசலில் நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

வலது கையிலிருந்து டம்ளர் நழுவிய பிறகுதான் அண்ணன் மகன் சண்டை போட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். ஊசி குத்திப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் பேசினார். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகிற நோய் என்றார். கால், கை, பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்கும் என்றார். குணமாக்க மருந்து இல்லை. அதிகம் நடந்து களைத்துப்போக வேண்டாம் என்றும் சொன்னார்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டார். "டாக்டர், பையப் பையக் கூட்டிக்கிட்டே போனா சரியாயிராதா? நான் அப்பிடித்தான் சர்க்கரைய எறக்குனேன்."

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் வைத்தார். "இல்லங்கய்யா. இது கூட்டுனா வர்ற பலம் இல்ல. இருக்கறத செலவழிக்காம வச்சுக்கங்க."

"நான் நடந்ததால வந்துச்சா?"

"இல்லங்கய்யா. நடந்ததால வரல. நடந்ததால தடுக்கவும் முடியல. ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியல."

வெளியே வந்ததும் அண்ணன் டீ வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தோம். பஸ் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டே குடித்தார். சர்க்கரை போட்ட டீ என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போவார், விழுவார். நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பிய அன்று எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"எதுக்குண்ணே இந்த வீம்பு? நடந்தது போதாதா? சாமி கும்புடணும்னா ஒக்காந்த இடத்துல கும்புடுங்க. வேணாம்னா சொல்றாரு அவரு?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு நடக்காமக் கும்புடத் தெரியாதுத்தா. நான் படிச்சு வந்தவனா, பாட்டுத் தெரிஞ்சவனா? காலு நடக்க நடக்கத்தான் எனக்கு மனசு அடங்குச்சு. காலே இல்லைன்னா நான் எதைக் கொண்டு அவருகிட்டப் போறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கால் போவதைப் பற்றி அவர் அழவில்லை. அந்த நடையில் பையப் பைய வந்து சேர்ந்த அமைதியும் காலோடு போய்விடுமோ என்றுதான் பயந்தார். அந்தப் பயத்தை அவரிடமிருந்து எடுக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.

அந்த அமைதி போகத்தான் செய்தது. கை விழுந்து, மதினி ஊட்டிவிடும் நிலை வந்தபோது, சோறு சட்டையில் சிந்திய ஒருநாள் அண்ணன் வாயிலிருந்து ஒரு வசவு வந்தது. பஸ்ஸில் வைத அதே வார்த்தை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, மதினியைப் பார்த்து. நான் அங்கேதான் இருந்தேன். மதினி துண்டை எடுத்துச் சட்டையைத் துடைத்தார், அடுத்த வாய் ஊட்டினார். அண்ணன் வாயைத் திறக்காமல் அழுதார். அதன் பிறகு அடிக்கடி வந்தது. மகனை வைவார், என்னை வைவார், மின்விசிறியை வைவார். கொஞ்சம் தெளிந்ததும் மறுபடி தன் வேலையைத் தொடங்குவார். "இந்தச் சாப்பாடு முடியற வரைக்கும் வைய மாட்டேன்" என்று குழறிக் குழறிச் சொல்வார். சில வேளை முடியும், சில வேளை பாதிச் சாப்பாட்டில் உடைந்துவிடும். பிறகு நாக்கு தடித்தது. பேச்சு எங்களுக்குப் புரியாமல் போனது. வைவதற்கும் வாய் இல்லாமல் போனது. அமைதியாகக் கிடந்தார். அது அவர் அடக்கிய அமைதியா, முடியாமல் வந்த அமைதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சும்மா இருந்தேனா? அழகர்மலையில் தீர்த்தமாடி வேண்டினேன். பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் நின்று கத்தியே விட்டேன். "ஒரு பயலையும் அடிக்காத மனுசனய்யா அவரு! வாய் ஒண்ணுதான் கெட்டது, அதையும் அவரே திருத்திக்கிட்டாரு. அப்பறம் என்னத்துக்கய்யா இது?" பக்கத்தில் நின்றவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு பூசினார்கள். சாமி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அண்ணனுக்குப் பதிலாகத் திருப்பரங்குன்றம் மலையை நானே சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவருக்கு ஒரு விரலாவது அசையாதா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நேற்று அசைந்த விரல் இன்று அசையவில்லை.

கண்டக்டர் அண்ணன் ஒரு காரியம் செய்தார். காலையில் மலையைச் சுற்றும்போது வீடியோ காலில் அழைத்து, போனை முன்னால் பிடித்துக்கொண்டே நடந்தார். "மாப்ள, இந்தா பாரு, சரவணப் பொய்கை வந்தாச்சு. இந்தா பாரு, நம்ம டீக்கடை. இன்னைக்குக் கூட்டமே இல்ல மாப்ள, நீ இல்லாம மலையே வெறிச்சோடிக் கெடக்கு." மதினி போனை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியா தங்கச்சி, என் மாப்ள கும்புடுறான்!" என்றார் கண்டக்டர் அண்ணன் போனுக்குள்ளிருந்து. அண்ணன் கும்பிடவில்லை. மூடிய கண்ணுக்குள்ளிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. மதினி போனைத் தன் பக்கம் திருப்பி, "நாளைக்குப் பாக்கலாம்ண்ணே" என்று சொல்லி நிறுத்தினார். மறுநாள் அண்ணன் போனையே பார்க்க மறுத்தார். கண்டக்டர் அண்ணனிடம் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தோம்.

ஒருநாள் காலை மதினி அவர் தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தப் போனார். முழுசாகக் கொளுத்தலாமா என்று கண்ணாலேயே கேட்டார். அண்ணன் கண்ணை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். மதினி பாதியாக ஒடித்தார். அதற்கும் வேண்டாம். ஒடித்து ஒடித்து, கடைசியில் பிடிக்கவே முடியாத ஒரு துணுக்கை வைத்தபோது கண் ஆடாமல் நின்றது. அது எரிந்து முடியும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே துணுக்கு. அதைக் கூட்டச் சொல்லி அவர் கடைசிவரை கேட்கவில்லை. அந்தத் துணுக்கு எரியும் நேரத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான், தெரியாததை எழுத மாட்டேன். சளி கட்டி, மூச்சு இழுத்து, ஒரு காலைப்பொழுதில் மகன் மடியில் தலை இருக்கும்போது அவர் உயிர் பிரிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு ஒன்று உண்டு. "இம்புட்டு நடந்த மனுசனுக்கே இப்பிடின்னா, நடந்து என்னத்தக் கண்டாரு?" சொந்தக்காரர் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "நானெல்லாம் தெனமும் பரோட்டாதான். கல்லு மாதிரி இருக்கேன்ல?" என்றார். "கல்லு மாதிரித்தான் இருக்கீக, பேசுறதும் அப்பிடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன்? அதே கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. நடைக் கூட்டத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கண்டக்டர் அண்ணனும் மலைப் பக்கம் போவதில்லை. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த நடையால் எங்களுக்கு நல்ல அண்ணன் பல வருஷம் கிடைத்தார், மதினிக்கு வையாத புருஷன் கிடைத்தார், அது சத்தியம். போதுமா என்று கேட்டால், போதாது. எனக்கு இன்னும் வேண்டியிருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்ட ஆண் செவிலியர் தம்பிக்கு. பொய் நம்பிக்கை தராமல், போன் எடுக்காமலும் இராமல், கடைசிவரை பதில் சொன்ன டாக்டருக்கு. கஞ்சியும் சாறும் வடிகட்டிக் கொண்டுவந்த தெருப் பெண்களுக்கு. ஆம்புலன்ஸ் நுழையத் தங்கள் வண்டிகளை எல்லாம் நகர்த்திவைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. தோள் கொடுத்த டிப்போ நண்பர்களுக்கு. கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி சொன்னால் அவர் என்னை வைவார், அதனால் சொல்லவில்லை. அத்தனை காலமும் வேலைக்குப் போய்க்கொண்டே அப்பாவைக் கவனித்த என் மருமகனுக்கும் சொல்லவில்லை, அவன் பிள்ளை.

மதினிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாததால் அன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி அண்ணனைக் கிடத்தியிருந்தோம். வழக்கப்படி பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்து, அண்ணனின் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டக் குனிந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ! "கட்டாதீக! அந்தக் காலு எங்கய்யா போகப் போகுது? கட்டிப் போட்ட மாதிரிதான இம்புட்டு நாளாக் கெடந்துச்சு, இன்னும் எதுக்கய்யா கட்டுறீக?" என்று பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மதினிதான் எழுந்து வந்தார். என் கையை எடுத்துவிட்டார். அண்ணன் பாதம் இரண்டையும் தன் கையாலேயே சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார்.

"கட்டட்டும் பாப்பா. விட்டா எந்திருச்சு நடக்கப் போயிருவாரு."